‘தந்தையின் தொழில்’ என்னும் கட்டம்

காஞ்சிபுரத்தின் விடியற்காலையில் இரண்டு ஓசைகள் கேட்கும். ஒன்று பழையது. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடந்தால் வீட்டுக் கூடங்களிலிருந்து தறி அடிக்கும் ஓசை வரும். மற்றொன்று புதியது. தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பேருந்துகள் இருள் விலகுமுன் தெருமுனையில் வந்து நிற்கும் ஓசை அது. முதல் ஓசை ஆண்டுக்கு ஆண்டு குறைவதையும், இரண்டாவது பெருகுவதையும் நம் வாழ்நாளிலேயே கண்டுவிட்டோம்.

1996-இல் தொடங்கப்பட்ட ஹூண்டாய் இந்தியா நிறுவனம், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை அமைத்து, 1998-இல் தன் முதல் காரை வெளியிட்டது. 2006-இல் நோக்கியா கைபேசித் தொழிற்சாலை ஸ்ரீபெரும்புதூரில் இயங்கத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. இவற்றைச் சூழ்ந்து உதிரிபாகங்கள் செய்யும் ஆலைகள் பல எழுந்தன. பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர்பெற்ற ஊரின் பிள்ளைகளுக்கு, ஒரு மணி நேரப் பயணத்தில் வேறொரு உலகம் வந்து நின்றது. இன்று எத்தனையோ வீடுகளில் தகப்பனார் தறிக்குழியில் கால் வைத்து அமர்கிறார். மகனோ மகளோ சான்றிதழ்ப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நேர்காணல் அறையின் வாயிலில் அமர்ந்திருக்கிறார்.

அந்த வாயிலில் காத்திருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியவை சில உண்டு. ஆயினும், அறிவுரை கூறும் தகுதி நமக்கு எளிதில் வந்துவிடவில்லை. நாம் செய்த இரண்டு பிழைகளைச் சொன்ன பிறகே அறிவுரைக்கு வருவது முறை.

முதல் பிழை 1986-இல் நிகழ்ந்தது. பட்டப்படிப்பை முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயர் பதிந்து, மூன்றாண்டுகள் காத்திருந்த நமக்கு ஒரு நாள் நேர்காணல் அட்டை வந்தது. உடன் ஒரு படிவமும் நிரப்ப வேண்டியிருந்தது. பெயர், பிறந்த நாள், கல்வி என்று எழுதிக்கொண்டே வந்த கை, ‘தந்தையின் தொழில்’ என்ற கட்டத்தில் நின்றது. நம் தந்தையார் பட்டு நெசவாளர். பதினோரு வயது முதல் தறியில் இருந்தவர். அவருடைய தறிக்குப் பக்கத்தில் அமர்ந்து, கரைக்கான நாடாவைத் தள்ளிக்கொடுத்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் சென்னையில் நாற்காலியில் அமர்ந்து நம்மை நோக்கப்போகும் அதிகாரிகளின் முன் அந்தச் சொல் குறைவாகத் தோன்றியது. ‘வியாபாரம்’ என்று எழுதினோம்.

படிவத்தின் படியொன்று மேசைமேல் கிடந்தது. தந்தையார் அதை எடுத்துப் பார்த்தார். ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். மெதுவாக எழுத்துக் கூட்டிப் படிப்பார். படித்து முடித்ததும் சினம் கொள்ளவில்லை. “நமக்கு எப்பப்பா கடை வந்துது?” என்று மட்டும் கேட்டார். விடை சொல்ல நம்மிடம் ஒன்றும் இல்லை. அவர் தறிக்குத் திரும்பிவிட்டார். அந்த வேலை நமக்குக் கிடைக்கவில்லை. அது பெரிதன்று, வேறொரு வேலை பின்னர் கிடைத்தது. அந்தக் கேள்விதான் நம்மோடு தங்கிவிட்டது.

இரண்டாம் பிழை அண்மையது. பணி ஓய்வுக்குப்பின், நண்பர் இருவரோடு சேர்ந்து ஞாயிறு பிற்பகல்களில் இளைஞர்களுக்கு விண்ணப்பம் எழுத உதவி வருகிறோம். தன்விவரக் குறிப்பு எழுதுதல், கேள்விகளைக் கேட்டுப் பழக்குதல், ஆங்கிலத்தில் நான்கு சொற்றொடர்களைத் தயங்காமல் சொல்லப் பயிற்றுதல் ஆகியன நம் பணிகள். அங்கே ஒரு தம்பி வந்தான். இயந்திரவியலில் டிப்ளமோ தேறியவன். தேறிய ஆண்டுக்கும் நம்மிடம் வந்த நாளுக்கும் இடையே பதினான்கு மாதங்கள் வெறுமையாக இருந்தன. என்ன செய்தாய் என்று கேட்டோம். “ஒண்ணும் இல்ல சார், வீட்லதான் இருந்தேன்” என்றான்.

அந்த இடைவெளியை நிறுவனத்தார் விரும்பமாட்டார்கள் என்பது நமது கணிப்பு. ஆகவே, போட்டித் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருந்ததாகச் சொல்லுமாறு அறிவுறுத்தினோம். அவனும் அவ்வாறே சொன்னான். எதிரில் இருந்தவர் கடுமையானவர் அல்லர். ஆர்வத்தோடு, எந்தத் தேர்வு, எந்த மாதம் எழுதினீர்கள், எந்தப் பாடம் கடினமாக இருந்தது என்று அடுத்தடுத்துக் கேட்டிருக்கிறார். தம்பிக்கு வாய் அடைத்துவிட்டது. அதன்பின் அவன் நன்கறிந்த இயந்திரவியல் கேள்விகளுக்கும் குரல் எழவில்லை. ஒரு பொய்யைக் காக்க முயன்ற மனம், தான் அறிந்த உண்மைகளையும் தவறவிட்டது.

திரும்பி வந்தவன் நம்மைக் குறை கூறவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, “தறியில இருந்தேன்னு சொல்லியிருக்கலாம் சார்” என்றான். அப்போதுதான் செய்தி வெளிவந்தது. அவன் தந்தைக்குக் கண்புரை அறுவை நடந்திருக்கிறது. முன்பணம் வாங்கிய சேலை தறியில் பாதியில் நின்றிருக்கிறது. கடனுக்கும் வாக்குக்கும் அஞ்சி, படித்த பிள்ளை தறிக்குழியில் இறங்கி, பதினான்கு மாதங்கள் தந்தையின் வேலையைச் செய்து குடும்பத்தைக் காத்திருக்கிறான். அதைத்தான் அவன் ‘ஒண்ணும் இல்ல’ என்றான். நாமும் மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேளாமல் அதை ஒப்புக்கொண்டோம். 1986-இல் நம் தந்தையைப் படிவத்திலிருந்து அழித்த அதே கை, இம்முறை இன்னொருவருடைய மகனைக்கொண்டு அவனுடைய தந்தையை அழிக்கச் செய்தது.

அடுத்த ஞாயிறு அவனை அமரவைத்து, தறியில் என்னென்ன செய்தாய் என்று பொறுமையாகக் கேட்டோம். நெசவாளர் வீட்டுப் பிள்ளையாகிய நமக்கே மறந்துபோனவற்றை அவன் சொல்லச் சொல்ல எழுதினோம்.

காஞ்சிபுரப் பட்டில் கோர்வைச் சேலை என்பது தனிச் சிறப்புடையது. உடல் ஒரு நிறம், கரை மற்றொரு நிறம். இரண்டையும் தனித்தனி ஊடையால் நெய்து, சந்திக்கும் இடத்தில் ஒன்றோடொன்று பிணைத்துச் செல்ல வேண்டும். இரு பக்கக் கரைகளுக்கும் உடலுக்குமாக மூன்று நாடாக்கள் ஓடும். ஒரு பக்கத்து நாடாவைத் தள்ள உதவியாள் ஒருவர் வேண்டும். பிணைப்பு ஓரிடத்தில் தவறினாலும் கரையும் உடலும் பிரிந்து நிற்கும். பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று அறுந்தால் எது அறுந்தது என்று கண்டுபிடித்து, அதற்குரிய வழியிலேயே மீண்டும் கோத்து முடிய வேண்டும். பட்டும் சரிகையும் எடைபோட்டுத் தரப்படும். முடிந்த சேலையும் எடைபோட்டு வாங்கப்படும். கொடுத்ததற்கும் வந்ததற்கும் கணக்குப் பொருந்த வேண்டும். இவையனைத்தும் குறித்த நாளுக்குள் முடிய வேண்டும். திருமண வீடு காத்திராது.

இவற்றை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் தொழிற்சாலை மொழியை எழுதினோம். பிணைப்பைக் கண்காணித்தல் என்பது தரம் பார்த்தல். அறுந்த இழையைத் தேடுதல் என்பது பழுதின் காரணத்தைக் கண்டறிதல். எடைக் கணக்கு என்பது சரக்குக் கணக்கு. உதவியாளோடு கை ஒத்து நெய்தல் என்பது குழுவாகப் பணிசெய்தல். அவன் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இங்கே ஒன்றை மறைக்கலாகாது. கோர்வைத் தறியில் உதவியாளாக அமர்ந்தவர்கள் பெரும்பாலும் சிறுவர் சிறுமியர். 1986-ஆம் ஆண்டில் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்த பின்னரும், 1990-களில் பள்ளிக்குச் செல்லவேண்டிய பிள்ளைகள் பலர் இந்நகரின் தறிகளில் இருந்தனர். பெற்றோர் வாங்கிய முன்பணம் அவர்களுடைய படிப்பைத் தின்றது. அந்தத் துயரைப் பெருமையாக்குவது நமது நோக்கமன்று. தறியில் பெற்ற திறமையைச் சொல்லலாம். தறியில் இழந்த பள்ளிநாளையும் தேவையானால் சொல்லலாம். இரண்டும் உண்மை. இரண்டுக்கும் வெட்கப்படவேண்டியவன் அந்தப் பிள்ளை அல்லன்.

வேலை தேடி எழுதப்பட்ட விண்ணப்பங்களில் நாம் இளைஞர்களுக்கு எடுத்துக்காட்டுவது ஒன்று உண்டு. அதை எழுதியவர் கணிதமேதை சீனிவாச ராமானுஜன். 1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், குழந்தைப் பருவத்தில் சிறிது காலம் காஞ்சிபுரத்திலும் வாழ்ந்தவர். அவருடைய தாய்வழிப் பாட்டனார் இங்கே நீதிமன்ற அலுவலராக இருந்தார். ராமானுஜனின் மேதைமையைப் பலரும் பேசுவர். அவர் வேலை தேடி அலைந்த ஆண்டுகளை நினைப்பவர் குறைவு.

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகையை, மற்றப் பாடங்களில் தேறாமையால் இழந்தார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1909-இல் திருமணம் நடந்தது. பட்டமில்லை, வருவாயில்லை. 1910-இல் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. ராமசுவாமி ஐயரை நாடி, எழுத்தர் வேலை கேட்டார். ராமசுவாமி ஐயர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். நோட்டுப் புத்தகங்களைப் பார்த்தவர், இத்தகைய ஒருவரை வருவாய்த் துறையின் கடைநிலையில் அமர்த்த மனமின்றி, சென்னையிலிருந்த கணித அறிஞர்களுக்கு அறிமுகக் கடிதம் தந்து அனுப்பினார். நெல்லூர் ஆட்சியர் ஆர். ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் தந்து சில காலம் தாங்கினார். 1912-இன் தொடக்கத்தில் கணக்காயர் அலுவலகத்தில் மாதம் 20 ரூபாய் ஊதியத்தில் சில வாரங்கள் தற்காலிக வேலை பார்த்தார்.

அதன்பின் 1912 பிப்ரவரி 9 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். அது மிகச் சிறியது. அலுவலகத்தில் எழுத்தர் பணியிடம் ஒன்று காலியாக இருப்பதாக அறிந்து விண்ணப்பிப்பதாகத் தொடங்குகிறது. மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்ததையும், எதிர்பாராத இடர்களால் படிப்பைத் தொடர இயலாமற்போனதையும் மறைக்காமல் சொல்கிறது. அந்த இடைக்காலத்தில் தன் நேரம் முழுவதையும் கணிதத்தில் செலவிட்டதைக் கூறுகிறது. பணியைச் செம்மையாகச் செய்ய இயலும் என்ற உறுதியைத் தெரிவித்து முடிகிறது. மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் நற்சான்று அதனோடு சேர்ந்தது. 1912 மார்ச் முதல் நாளிலிருந்து மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் வேலை கிடைத்தது.

அந்த விண்ணப்பத்தின் அமைப்பைக் கவனியுங்கள். எந்தப் பணியிடம் என்று தெளிவாகச் சொல்கிறது. உள்ள படிப்பைக் கூட்டாமல் சொல்கிறது. தடைப்பட்டதை ஒரே சொற்றொடரில் சொல்லிக் கடக்கிறது. புலம்பலும் இல்லை, பழிதூற்றலும் இல்லை. இடைவெளியில் செய்ததைச் சொல்கிறது. தன்னை அறிந்த ஒருவரின் சான்றைச் சேர்க்கிறது. நூற்றாண்டுக்கு மேல் ஆன பின்னும், முதல் வேலை தேடும் பிள்ளைக்கு இதைவிட நல்ல சட்டகம் ஒன்றை நாம் கண்டதில்லை.

மறு ஆண்டு, 1913 ஜனவரி 16 அன்று, கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோதும் அவர் தம்மைத் துறைமுக அலுவலகக் கணக்குப் பிரிவின் எழுத்தர் என்றே அறிமுகம் செய்துகொண்டார். ஆண்டு ஊதியம் 20 பவுன் என்பதையும், பல்கலைக்கழகக் கல்வி தமக்கு இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டுக் கணிதத்துக்குச் சென்றார். 1918-இல் லண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். நம் பிள்ளைகள் அனைவரும் ராமானுஜன் ஆகப்போவதில்லை, ஆகவேண்டியதும் இல்லை. அவர் எழுதிய விண்ணப்பத்தைப் போல ஒன்றை எழுத எல்லாராலும் இயலும் என்பதே நாம் சொல்ல வந்தது.

இந்நகரின் நெசவாளர் குடும்பத்தில் 1909-இல் பிறந்த அறிஞர் அண்ணாவும், வீட்டு நிலையால் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திக் காஞ்சிபுரம் நகராட்சியில் சிறிது காலம் எழுத்தராக இருந்தவர்தாம். பின்னர் பச்சையப்பன் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார், 1967-இல் முதலமைச்சரானார். குடும்பத்தைத் தாங்கக் கழிந்த மாதங்களை யாரும் வீண்நாள் என்று கணக்கெழுதுவதில்லை.

இனி, நேர்காணலுக்குச் செல்லும் பிள்ளைகளுக்குச் சில சொற்கள்.

செல்லுமுன், அந்த நிறுவனம் எதைச் செய்கிறது, யாருக்கு விற்கிறது, நீங்கள் கேட்கும் பணியிடத்தில் நாள் முழுதும் என்ன வேலை என்பவற்றை அறிந்துகொள்ளுங்கள். அங்கே பணிபுரியும் ஒருவரைத் தெருவில் தேடினால் கிடைப்பார். காலைப் பேருந்து நிற்கும் இடத்தில் பத்து நிமிடம் பேசினால் பாதி செய்தி தெரியும். விண்ணப்பத்தில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும், அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். விடை சொல்ல இயலாத வரியை நீக்கிவிடுங்கள்.

“உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்பது பெரும்பாலும் முதல் கேள்வி. பெயரும் ஊரும் அவர்கள் கையிலுள்ள தாளிலேயே இருக்கின்றன. நீங்கள் செய்து முடித்த ஒரு வேலையையும், தவறிப்போய்த் திருத்திய ஒரு வேலையையும் நினைவில் வைத்துக்கொண்டு, இரண்டு நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள். ஆங்கிலத்தில் தடுமாற்றம் இருந்தால், சிறு சிறு சொற்றொடராகச் சொல்லுங்கள். தமிழில் விளக்கலாமா என்று பணிவுடன் கேட்பதில் இழிவில்லை. ஆலைத் தளத்தில் வேலை நடப்பதும் பெரும்பாலும் தமிழில்தான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்த அளவில் எப்படி முயல்வீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

வேலைக்காகப் பணம் கேட்பவரை நம்பாதீர்கள். முன்பணம், பதிவுக் கட்டணம், சீருடைக்கான தொகை என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது ஐயத்துக்குரியது. மூலச் சான்றிதழ்களைப் பிணையாக யாரிடமும் ஒப்படைக்கவேண்டாம். காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். அரசுப் பணி வாங்கித் தருவதாகச் சொல்லும் இடைத்தரகர்களால் நிலத்தையும் நகையையும் இழந்த குடும்பங்களை நாம் அறிவோம். மத்திய அரசின் ‘சி’ பிரிவுப் பணிகளுக்கும், ‘பி’ பிரிவில் அரசிதழ்ப் பதிவு பெறாத பணிகளுக்கும் 2016 ஜனவரி முதல் நாளிலிருந்து நேர்காணலே நீக்கப்பட்டுவிட்டது. அப்படியிருக்க, “நேர்காணலில் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்பவர் எதைப் பார்த்துக்கொள்வார் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தேர்வானதும் பெருமகிழ்ச்சியில் கையெழுத்திடாமல், ஆணையை முழுதும் படியுங்கள். உங்களை வேலைக்கு எடுத்திருப்பது நிறுவனமா, ஒப்பந்தக்காரரா? நீங்கள் ஊழியரா, தொழிற்பழகுநரா? 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி பயிற்சிக்கு உதவித்தொகை உண்டு. பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை தரவேண்டும் என்ற பொதுக் கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. இதை முன்னரே அறிந்தவன் ஓராண்டைக் கற்பதற்குப் பயன்படுத்துவான். அறியாதவன் ஓராண்டின் முடிவில் ஏமாந்ததாக அழுவான். சொல்லப்படும் ஊதியத்தில் வருங்கால வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ.யும் பிடித்தபின் கைக்கு எவ்வளவு வரும் என்று கேளுங்கள். பெண்பிள்ளைகள், பணிமுறை எப்போது முடியும், இரவில் பேருந்து வீடுவரை வருமா, விடுதியானால் ஓர் அறையில் எத்தனை பேர் என்பவற்றைத் தயங்காமல் கேட்க வேண்டும். இவற்றைக் கேட்டதால் ஒரு வேலை கைநழுவினால், அது இழப்பென்று நாம் கருதமாட்டோம்.

கிடைத்த வேலையே முடிவான கரை என்றும் எண்ணவேண்டாம். இளம்பெண்கள் பலர் நம்பி உழைத்த நோக்கியா தொழிற்சாலை, 2014 நவம்பர் முதல் நாளில் உற்பத்தியை நிறுத்தியது. ஆலை மூடியபோது பலருடைய கையில் மிஞ்சியது, அங்கே கற்றுக்கொண்டதும் அதற்கான சான்றுமே. ஆகவே எந்த வேலையில் இருந்தாலும், என்ன கற்றோம் என்பதை ஆண்டுக்கொருமுறை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

நேர்காணல் மேசையின் மறுபுறம் அமரும் வாய்ப்புப் பெற்ற வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. எதிரில் இருக்கும் பிள்ளை “ஒன்றுமில்லை, வீட்டில் இருந்தேன்” என்று சொன்னால், இன்னொரு கேள்வி கேளுங்கள். நோயுற்ற தாயைப் பார்த்தவளாக, தம்பி தங்கையை வளர்த்தவளாக, வயலிலோ தறியிலோ நின்றவனாக அந்தப் பிள்ளை இருக்கக்கூடும். தான் செய்ததை வேலை என்று சொல்லலாம் என்பதை யாரும் அதற்குக் கற்றுத் தந்திருக்கமாட்டார்கள். நாமே அந்த இரண்டாம் கேள்வியைக் கேட்கத் தவறியவர்கள் என்பதால், இதை வலியுறுத்திச் சொல்கிறோம்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளையின் முன் தங்கள் தொழிலைத் தாழ்த்திப் பேசாதீர்கள். “என்னைப்போல் ஆகிவிடாதே” என்று அன்பினால் சொல்கிறீர்கள். கடனும் கூலியும் உங்களை அவ்வாறு சொல்ல வைக்கின்றன. அதைக் கேட்டு வளரும் பிள்ளையோ, நேர்காணல் அறையில் உங்களை ஒளித்துவைக்கக் கற்றுக்கொள்கிறது.

அந்தத் தம்பியின் கதையை முடிக்க வேண்டும். உண்மையைச் சொன்ன முதல் இடத்திலேயே அவனுக்கு வேலை கிடைத்துவிடவில்லை. இரண்டு இடங்களில் தேர்வாகவில்லை. ஆனால், கேட்ட கேள்விகளுக்கெல்லாம் வாய் திறந்து விடை சொன்னதாகக் கூறினான். மூன்றாவது இடத்தில் ஒருவர், கோர்வை என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார். தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி, மூன்று நாடாக்களும் பிணைப்பும் எப்படி அமையும் என்று வரைந்து காட்டியிருக்கிறான். தொழிற்பழகுநராக ஓராண்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். அதன் முடிவில் மீண்டும் ஒரு நேர்காணல் அவனுக்குக் காத்திருக்கிறது. இம்முறை அவனுக்கு நம் உதவி அவ்வளவாகத் தேவைப்படாது.

பல நிறுவனங்களின் படிவங்களில் இப்போது தந்தையின் தொழிலைக் கேட்பதில்லை. அந்தத் தம்பிக்கு வந்த படிவத்தில் அந்தக் கட்டம் இருந்தது. நாம் பக்கத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் கை அங்கே நிற்கவில்லை. ‘பட்டு நெசவு’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றான்.

நம் தந்தையார் மறைந்து பல்லாண்டுகள் ஆகின்றன. 1986-இல் அவர் கேட்ட கேள்விக்கு அன்று நாம் சொல்லியிருக்கவேண்டிய விடை அந்த இரண்டு சொற்கள்தாம்.